மைக்கில் நான் சொன்ன ஒரு சொல்

மகன்,

நீ சுகமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு வருசத்துக்கு மேலாக அந்தக் கேள்வியை உன் அம்மாவிடம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் உன்னோடு கதைத்துவிட்டுப் போனை வைத்ததும் அடுப்படி வாசலில் போய் நின்று, "என்னவாம்?" என்பேன். "ஒண்டுமில்லையாம்" என்பாள். அவளுக்கும் என்மேல் கோபம், நியாயமான கோபம். போன ஞாயிறு காலைப் பூசையில் பாதர் உன் பெயரை வாசித்திராவிட்டால் இது இப்படியே போயிருக்கும். இன்னாருடைய மகன், இதே பங்கைச் சேர்ந்த இன்னாருடைய மகளைத் திருமணம் செய்ய இருக்கிறார், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்க வேண்டும் என்று மூன்று ஞாயிறு வாசிப்பார்களே, அதில் முதலாவது ஞாயிறு. கலியாணம் பேசியிருக்கிறது என்று தெரியும். நாள் குறித்தாயிற்று என்பது ஊரோடு ஊராகக் கோயில் வாங்கில் இருந்துதான் எனக்குத் தெரிந்தது. பின்னால் இருந்த சனம் முழுக்க என் பிடரியைப் பார்த்தது. தடை இருக்கிறது என்று ஒருவன் எழும்புவான் என்றால் அது நான்தான் என்று நினைத்திருப்பார்கள். நான் எழும்பவில்லை, ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிடவும் இல்லை.

சாப்பாட்டுக் கோப்பையை மூடி வைத்துவிட்டு அம்மா மிச்சத்தையும் சொன்னாள். "இஞ்சாருங்கோ, பிறகு ஆராவது சொல்லிக் கேள்விப்படாமல் நானே சொல்லுறன். சாட்சிக் கையெழுத்துக்கு அவன் சிறில் அண்ணையைக் கேட்டிருக்கிறான்." எங்கள் குடும்பத்தில் அந்தக் கையெழுத்தை மாப்பிள்ளையின் தகப்பன் வைப்பது. எனக்கு என் அப்பு வைத்தார், நடுங்கி நடுங்கி ஒரு பூச்சி ஊர்ந்தது போல வைத்தார். உனக்கு நான் வைப்பேன் என்று நீ பிறந்த நாளிலிருந்து நினைத்திருந்தவன் நான். இப்போது சிலாபத்திலிருந்து சோளகக் காற்றுக் காலத்தில் வள்ளம் கொண்டுவந்து நாயாற்றுக் கரையில் வாடி போட்டுத் தங்கி மீன் பிடிக்கிற ஒரு சிங்கள மனிசன் அதை வைக்கப் போகிறான். அவன் செபமாலை கழுத்தில் போடுகிறவன், தேத்தண்ணிக்குச் சீனி போடாதவன், மூத்த மகள் இத்தாலியில், இடது கையில் சின்ன விரல் இல்லை. எல்லாம் எனக்குத் தெரியும். பொறாமைக்காரனுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை, மகன்.

பொறாமை என்ற சொல்லை எழுதிவிட்டேன். எழுதுவதற்கு இரண்டு நாள் எடுத்தது. நாட்டுப்பற்று, இனப்பற்று, மண் என்று நான் உன்னோடு இத்தனை வருசம் சண்டை பிடித்ததில் எவ்வளவு அந்தப் பற்று, எவ்வளவு வெறும் பொறாமை என்று இப்போது இருந்து பிரித்துப் பார்க்கிறேன். பிரிக்க வருகுதில்லை. ஆனால் எங்கே தொடங்கியது என்று தெரியும். சண்டை முடிந்து வவுனியாப் பக்கம் முகாமில் இருந்தபோது தொடங்கியது. உனக்குப் பத்து வயது. தண்ணீர் வரிசையில் நின்று நின்றே சிங்களம் பிடித்துவிட்டாய். எனக்கு வாய்க்காத பாசை உனக்கு ஒரு மாதத்தில் வாய்த்தது. ஒரு நாள் பதிவுக்குக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரி, இந்தப் பக்கம் நான், நடுவில் நீ. அவர் என்னைக் கேட்டார், நீ எனக்குச் சொன்னாய். நான் உனக்குச் சொன்னேன், நீ அவருக்குச் சொன்னாய். ஒரு கேள்விக்கு மட்டும் நீ என்னைக் கேட்கவில்லை. குடும்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். நீ மூன்று விரலைக் காட்டினாய்.

என்னைக் கேட்டிருந்தால் நான் நாலு என்றுதான் சொல்லியிருப்பேன். உன் அக்காவை மாத்தளன் மணலில் புதைத்துவிட்டு வந்து மூன்று மாதமும் ஆகவில்லை. எனக்கு அந்தக் கணக்கு வரவேயில்லை, உனக்கு வந்துவிட்டது. அதிகாரி தலையாட்டி எழுதினார், உன் கன்னத்தில் தட்டினார். நான் இரண்டு நாள் உன்னோடு கதைக்கவில்லை. ஏன் என்று நீ அம்மாவைக் கேட்டாயாம். பிள்ளை துக்கத்தை மறந்துவிட்டான் என்ற கோபம் என்று அம்மா நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மை அதுவல்ல. ஒரு உண்மையை வாய்விட்டுச் சொல்ல உனக்கு இருந்த தெம்பு எனக்கு இல்லை, அதுவும் எதிரி என்று நான் நினைத்தவனுக்கு முன்னால், அவனுடைய பாசையில். பத்து வயதுப் பொடியனைப் பார்த்து ஒரு தகப்பன் பொறாமைப்பட்டான் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகு கிரிக்கெட் வந்தது. உனக்கு இலங்கை ரீம் என்றால் உயிர். எனக்கு, அந்த ரீமுக்கு எதிராக ஆர் ஆடினாலும் அவர்கள்தான் என் ரீம். இங்கிலாந்து வந்தால் நான் வெள்ளைக்காரன், பாகிஸ்தான் வந்தால் பாகிஸ்தான்காரன். அம்மா சிரிப்பாள், "உங்கட அப்பாவுக்கு ஒரு ஊரும் இல்லை, எல்லா ஊரும் சொந்தம்" என்பாள். நீ விக்கெட் விழுந்தால் கதிரையை விட்டுத் துள்ளுவாய். நான் பேப்பரைப் பார்ப்பது போல இருந்து உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எதற்காகவாவது அப்படி முழுசாகத் துள்ள ஒரு மனிசனால் முடிகிறதே என்று இருக்கும். எங்கள் மண் என்று நானும் அப்படித் துள்ளின காலம் ஒன்று இருந்தது. அது எங்கே போய் முடிந்தது என்று உனக்குத் தெரியும்.

பிறகு கொழும்புக் கடற்கரைத் திடலில் சனம் கூடி ஜனாதிபதியைப் போகச் சொன்ன வருசம். நீ கம்பஸில் இருந்தாய். வீடியோ கோலில் வந்தாய், தோளில் சிங்கக்கொடி. "உந்தக் கொடியைக் கழட்டு" என்றேன். நீ சிரித்தபடி சொன்னாய்: "அப்பா, நாங்கள் விட்டுக் குடுத்தாத்தான் இது அவங்கட கொடி." நான் கோலை வெட்டினேன். அம்மா, "ஏன் வெட்டினீங்கள்?" என்று கேட்க, சிக்னல் இல்லை என்று பொய் சொன்னேன். அதற்குப் பிறகு நீ அனுப்பின படங்களை எல்லாம் அவளுடைய போனில் களவாகப் பார்த்தேன். உங்களுக்குக் கண்ணீர்ப்புகை அடித்தார்கள். ஓம், ஆனால் அடுத்த நாளே சட்டத்தரணிமார் கறுப்புக் கோட்டோடு காசு வாங்காமல் வந்து நின்றார்கள். ஆரோ பெண்டுகள் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுத்தார்கள். டீவியில் காட்டினார்கள். நாங்கள் கத்தின காலத்தில் எங்களுக்கு ஆர் வந்தது? அரசாங்கத்தைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்து எழும்பலாம் என்று நீ நம்பினாய். அந்த நம்பிக்கையைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

இனி நாயாற்றுக்கு வருகிறேன். நீ அன்றைக்குப் பார்த்தது ஒன்று, நான் பார்த்தது வேறொன்று. லீவில் வந்திருந்தாய். நான் மீனவர் சங்கத் தலைவர். வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிக்கிற தென்பகுதி வள்ளங்களை நிறுத்தச் சொல்லி வீதியோரம் கூடினோம். வீதிக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வாடிக்காரர், நடுவில் மீன்பிடி அதிகாரியின் ஜீப். நான் மைக்கைப் பிடித்து, "எங்கட கடலிலை எங்களுக்கு மீன் இல்லை. குஞ்சு குருமன் எண்டு பாராமல் அள்ளுறாங்கள். சட்டம் இருக்கோ இல்லையோ எண்டு கேக்க வந்திருக்கிறம்" என்று தொடங்கி அரை மணித்தியாலம் பேசினேன். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். எதிர்ப்பக்கத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆரோ வெற்றிலை போட்டுக்கொண்டு நின்றான். அப்போது அதிகாரி உன்னைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொல்லச் சொன்னார். நீ பத்து நிமிசம் பேசினாய். அந்தப் பக்கம் அசைவில்லை. வெற்றிலைக்காரன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். தலைகள் ஆடின. முப்பது வருசமாக நான் பேசுகிறேன், ஒருவனும் எனக்கு அப்படித் தலையாட்டினதில்லை.

நீ முடித்துவிட்டாய் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் சொன்னாய். அது என் பேச்சில் இல்லாதது என்று உன் முகத்திலேயே தெரிந்தது. அப்போது சிறில் வீதியைக் கடந்து வந்து உன் தோளில் கை வைத்தான். அந்தக் கையை எடுக்க அவன் அவசரப்படவில்லை, நீயும் தோளை விலக்கவில்லை. அதிகாரியோடு வந்த தமிழ்க் கிளார்க் எங்களுக்குச் சொன்னார்: "உங்கட ஆக்களும் நாயாற்றுக் களப்பிலை தங்கூசி வலை போடுகினமாம். சட்டம் கேக்கிறதெண்டால் ரெண்டு பக்கமும் கேக்கோணும் எண்டு தம்பி சொல்லுறார். அப்ப களப்பையும் பாக்கத்தானே வேணும்." எங்கள் சனம் முழுக்க உன் பக்கம் திரும்பியது. மைக் இன்னும் என் கையில் இருந்தது. நான், "துரோகி" என்றேன். அது இரண்டு ஸ்பீக்கர் பெட்டியிலும் கேட்டது, பாலத்தடி வரைக்கும் கேட்டிருக்கும்.

நீ கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேளாமல், "அப்பா, நான் சொன்னது பொய்யா?" என்று மட்டும் கேட்டாய். பிறகு பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாய். பொய் இல்லை என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். குஞ்சு மீனையும் விடாது என்று தடை செய்த அந்த நைலோன் தங்கூசி வலை ஒன்று என் கட்டிலுக்குக் கீழே சாக்கில் கிடந்தது. அதற்கு முதல் நாள் நீ அதை இழுத்துப் பார்த்து, "இது என்னத்துக்கப்பா?" என்று கேட்க, "அது பழசு" என்றேன். பழைய வலை ஈரமாக இருக்குமா? நீ அதைத் திரும்பச் சாக்குக்குள் தள்ளினாய். வீதியில் பேசும்போதும் என் பெயரைச் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டே உண்மையைச் சொன்னாய். நான் என்னைக் காப்பாற்ற உன்னை ஊருக்கு முன்னால் தள்ளிவிட்டேன்.

வலையால்தான் அந்தச் சொல் வந்தது என்று உன் அம்மா நினைக்கிறாள். இல்லை. வலை போனால் போகட்டும், வேறு வலை இருக்கிறது. அந்தக் கையைப் பார்த்துத்தான் வந்தது. என் மகனின் தோளில் இன்னொரு தகப்பன் கை வைத்தான், அது அங்கே பொருந்தியும் இருந்தது. அதற்கு நான் இனத்தைக் கூப்பிட்டேன், மண்ணைக் கூப்பிட்டேன், செத்தவர்களைக் கூப்பிட்டேன்.

அந்தச் சொல்லின் கனம் எனக்குத் தெரியாததல்ல. அதுதான் இன்னும் கேவலம். நீ குழந்தையாக இருந்த காலத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு மாஸ்டர் இருந்தார். படிக்கிற பிள்ளைகளைச் சண்டைக்குக் கொண்டுபோவது சரியில்லை என்று ஒரு கூட்டத்தில் எழும்பிச் சொன்னார், அவ்வளவுதான், துரோகி ஆகிவிட்டார். அடுத்த ஞாயிறு கோயிலில் அவருடைய வாங்கில் ஒருவரும் இருக்கவில்லை. நான் பத்து வருசமாக அவருக்குப் பக்கத்தில் இருந்தவன், அன்றைக்கு எழும்பிப் போய்ப் பின்னால் நின்றேன். அவர் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நாளில் குடும்பத்தோடு ஊரை விட்டுப் போய்விட்டார். எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றும் தெரியாது. அவர் சொன்னது சரி என்று எனக்கு அன்றைக்கே தெரியும். என்னால் சொல்ல முடியாததை அவர் சொல்லிவிட்டாரே என்றுதான் எரிந்தது. எங்கள் சனத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பட்டத்தை இப்படிக் கொடுத்திருப்போம் என்று இப்போது யோசிக்கிறேன்.

இந்த மே மாதம் முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைத்துக் கஞ்சி கொடுக்கிற நாளில் சிறில் வந்து அக்காவுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்த விரும்புகிறார் என்று நீ அம்மாவிடம் சொல்லியிருந்தாய். அவள் பயந்து பயந்து என்னைக் கேட்டாள். "என்ர பிள்ளையிலும் அவனுக்குப் பங்கு வேணுமாமோ?" என்றேன். அவள் அழுதாள். அக்காவின் பெயரை நீ அவனுக்குச் சொல்லியிருக்கிறாய் என்பதே எனக்குப் பொறுக்கவில்லை. நான் பதினாறு வருசமாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. நீ சிலாபத்தில் அவனுடைய வீட்டு விறாந்தையில் இருந்து, அவர்களுடைய பாசையில் அதைச் சொல்லி அழுதிருக்கிறாய். என்னோடு இருந்து அழுதிருக்க வேண்டியவன். நான் இடம் கொடுக்கவில்லை, அவன் கொடுத்தான். இதில் அவன் செய்த பிழை என்ன என்று தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

நேற்றுச் சங்கக் கூட்டம். வழக்கம் போல வெளிச்சக்காரரைப் பற்றிக் கதை வந்தது, திரும்பவும் வீதிக்கு இறங்குவோம் என்றார்கள். நான் எழும்பினேன். "இறங்குவம். அதுக்கு முதல் ஒரு கதை இருக்கு. போன வருசம் என்ர மகன் களப்பிலை தங்கூசி எண்டு சொன்னானே, அது உண்மை. ஒரு வலை என்ர வீட்டிலை, கட்டிலுக்குக் கீழை கிடந்தது. நான் போட்டனான். நீங்களும் இதிலை எத்தினை பேர் போடுறீங்கள் எண்டு எனக்குத் தெரியும். நான் அவனுக்கு மைக்கிலை சொன்ன சொல்லை இஞ்சை வைச்சுத் திருப்பி எடுக்கிறன்" என்றேன். பிறகு ஒருவன், "மகனுக்குக் கலியாணம் எண்டவுடனை தேப்பனுக்கு ஞானம் வந்திட்டுது" என்றான், சிரித்தார்கள். சிரித்து முடிந்த பிறகுதான் பின்னாலிருந்து அந்தச் சொல் வந்தது. எனக்கு. நான் தொழில் பழக்கிவிட்ட ஒருவனுடைய வாயிலிருந்து வந்தது, பெயர் எழுதமாட்டேன்.

மகன், அது காதுக்குள் போகவில்லை, கால் வழியாக ஏறியது. கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். பக்கத்தில் இருந்த இருவர் தங்கள் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார்கள். அந்த நேரத்திலும் என்ன நினைத்தேன் தெரியுமா? உனக்கு அன்றைக்குத் தோளில் கை வைக்க ஒருவன் வீதியைக் கடந்து வந்தான், எனக்கு இங்கே ஒருவனும் இல்லையே என்றுதான். தலைவர் பதவியை அங்கேயே விட்டுவிட்டு நடந்து வந்தேன். சாக்கை இழுத்து முற்றத்தில் போட்டு வலையை வெட்டினேன். அம்மா மற்றக் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து குந்தினாள்.

தகப்பன் எழுதுகிற கடிதத்தில் புத்தி சொல்ல வேண்டும். எனக்கு இருப்பது ஒன்றுதான், அதுவும் பொறாமையில் சொல்கிறேனோ என்று நீ சந்தேகப்படலாம். இந்த நாட்டை உன்னுடையது என்று சொல். என்னால் இன்னும் சொல்ல முடியாது, வாய்க்குள் கல் இருப்பது போல இருக்கிறது, ஆனால் நீ சொல்வதை இனி நான் தடுக்கமாட்டேன். எங்கள் பிழையை அவர்களுக்கு முன்னால் சொன்னது போல அவர்கள் பிழையையும் அவர்களுக்கு முன்னால் சொல். தலையாட்டல் நிற்கும் இடம் வரைக்கும் போய்ச் சொல். அக்காவைப் புதைத்த இடத்தில் ஒரு பெயர்ப்பலகை வைக்க எங்களை ஏன் விடவில்லை என்று கேள். அன்றைக்கு அந்தப் பக்கமும் உனக்கு அதே பட்டத்தைத் தரும். அப்போதும் சிறிலின் கை உன் தோளில் இருந்தால், அவர் நல்ல மனிசன். இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அது எனக்குச் சந்தோசமில்லை, ஆனாலும் இருக்கும்.

கையெழுத்தை அவரே வைக்கட்டும். அவரை மாற்றச் சொல்லி நான் இதை எழுதவில்லை. மாற்றினால் எனக்கு உள்ளுக்குள் சந்தோசம் வரும், அதனால்தான் மாற்ற வேண்டாம் என்கிறேன். அவருக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டுமென்றால் நானே கூட்டிக்கொண்டு போவேன், அந்த இடம் எனக்கு மட்டும்தான் சரியாகத் தெரியும். எனக்கு வேண்டியது வேறு. கலியாணத்தன்று கோயில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் நீ நடக்கும்போது உன் பக்கத்தில் நானும் நடக்க வேண்டும்.

இன்னும் இரண்டு ஞாயிறு இருக்கிறது. உனக்கு விருப்பமில்லை என்றால் அதை அம்மாவிடம் சொல்லி அனுப்பாதே. வீட்டுக்கு வா. சங்கத்து ஆட்கள் வீதியில் நிற்கிற நேரமாகப் பார்த்து வா. எல்லாரும் கேட்க, என் முகத்தைப் பார்த்து, "அப்பா, நீங்கள் வர வேண்டாம்" என்று சொல். நான் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லாமல் கடைசி வரைக்கும் கேட்பேன். கேட்டு முடிய, உள்ளே வந்து சாப்பிடு என்று சொல்வேன்.

அப்பா